நீல வாளிக்காக ஒருவரை அடித்தது பற்றி

என் பெயர் டோகாஷி கசுமி. வயது 54. கணவர் காலமாகிவிட்டார். யமகதா மாகாணம் கமினோசாவா நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்புறமுள்ள நகராட்சிக் குடியிருப்பில் தனியாக வசித்து வருகிறேன். மூடப்பட்ட தொடக்கப்பள்ளியில் இந்த இலையுதிர்காலத்தில் நடந்துவரும் கலைக்கண்காட்சியில் அறைக் காவலராக வேலை பார்க்கிறேன். இபுகா என்பவரை நான் துடைப்பத்தால் அடித்தது உண்மை. எப்படி நடந்தது என்று போலீஸ் அதிகாரி கேட்டதால் சொல்கிறேன்.

என் பொறுப்பில் இருந்தது மூன்றாவது வகுப்பறை. அங்கே ஹிரானுமா என்ற இளம் கலைஞர் வீட்டுச் சாமான்களுக்குள் மோட்டார் வைத்து, ஆள் வருவதை உணரும் கருவியும் பொருத்தியிருந்தார். குக்கர் மூச்சு விடுவதுபோல் மூடியை ஏற்றி இறக்கும். குடை மூலையில் நின்று நடுங்கும். நீலப் பிளாஸ்டிக் வாளி ஒன்று, யாராவது வேகமாக வந்தால் பின்னால் நகரும். அசையாமல் நின்றால் மெதுவாக வந்து காலில் உரசும்.

கண்காட்சி தொடங்கி முப்பத்தெட்டு நாள் ஆகிறது. அத்தனை நாளும் பார்வையாளர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான், இதற்கு உயிர் இருக்கிறதா என்று. உள்ளே மோட்டார்தான், வலிக்காது, பயம் கிடையாது என்று ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது சொல்லியிருப்பேன். சொன்னாலும் கேட்பதில்லை. சிலர் வாளிக்குள் ஆரஞ்சுப் பழம் போட்டுவிட்டுப் போனார்கள். அவற்றைப் பொறுக்கி எடுப்பதும் என் வேலையாயிற்று. ஒரு அம்மாள் தன் சால்வையைக் குடைக்குச் சுற்றிவிட்டார். வேறு சிலர் உதைத்துப் பார்த்தார்கள். ஆகவே சுற்றிலும் கயிறு கட்டும்படி ஹிரானுமாவிடம் மூன்று தடவை சொன்னேன்.

"கயிறு கட்டிட்டா அது வெறும் பக்கெட்டு ஆயிடும், டோகாஷி அம்மா" என்றார்.

"இப்ப மட்டும் என்னவாம்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

கடந்த ஞாயிறு பிற்பகல் இரண்டரை மணியளவில் இபுகா தன் மனைவியுடனும் ஏழு வயது மகளுடனும் வந்தார். மனைவி போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார். இபுகா வாளியைக் காலால் விரட்டி மூலைக்குத் தள்ளினார். அது போக இடமில்லாமல் சுவரில் முட்டி முட்டி நின்றது. தள்ளி நிற்கும்படி இரண்டு முறை கேட்டுக்கொண்டேன்.

"பக்கெட்டுக்குக் காவலா? நல்ல உத்தியோகம்மா உங்களுக்கு" என்றார். அதன் பிறகு வாளிக்குள் காலை வைத்து அழுத்தினார். அடியிலிருந்த சக்கரம் உடையும் சத்தம் கேட்டது. வாளி சாய்ந்து, மீதிச் சக்கரங்களால் ஒரே இடத்தில் சுற்றியது. அவர் மனைவியிடம், "பாரு, சாகுது. இத எடு, இத எடு" என்றார்.

அதன் பிறகு கைக்கு எட்டிய துடைப்பத்தை எடுத்து அவரை அடித்தேன். ஒரு அடிதான். இடது காதில் பட்டு ரத்தம் வந்தது. நான் எடுத்ததும் காட்சிப்பொருள்தான், எண் நான்கு. அடித்த பிறகும் அது என் கையில் துடித்துக்கொண்டிருந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் சற்று நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன்.

இபுகா காதில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மனைவி போலீசுக்குப் போன் செய்தார். அதன் பிறகு ஹிரானுமா மாடியிலிருந்து இறங்கி வந்து, வாளியைக் கவிழ்த்து, வேறு சக்கரம் மாட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வாளி முன்போலவே நகர்ந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வேலைய இவ்வளவு நம்பினவங்க யாருமே இல்ல. இத என் புத்தகத்துல எழுதிக்கலாமா?" என்றார். கூடாது என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டேன்.

போலீசார் வருவதற்குள் இபுகாவின் மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பக்கெட்டுக்கு வலிச்சுதா?"

"வலிக்காதும்மா. உள்ள மோட்டார்தான்" என்றேன்.

"அப்புறம் ஏன் எங்கப்பாவ அடிச்சீங்க? அவருக்கு வலிக்குதே."

அந்தக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். இங்கே காவல் நிலையத்தில் அதிகாரியும் அவள் கேட்டதையே வேறு வேறு விதமாக மூன்று முறை கேட்டுவிட்டார். என்னிடம் பதில் இருந்தால் முதல் முறையே சொல்லியிருப்பேன்.

மேலே எழுதியதை எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை. கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் என் பெயர் முத்திரையைக் கொண்டுவராததால் கையெழுத்திட்டு விரல் ரேகை வைத்திருக்கிறேன்.

(ஒப்பம்) டோகாஷி கசுமி