வளையம் எட்டிய தூரம்

செப்புக் குழாயை வளைக்கும்போது உள்ளே மணலை நிரப்பிக்கொள்ள வேண்டும் சார், இல்லாவிட்டால் நசுங்கிவிடும். அவசரக்காரர்கள் இதைச் செய்வதில்லை. நான் அவசரக்காரன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் அண்ணனுக்கும் அமெச்சூர் ரேடியோதான் பொழுதுபோக்கு. அடுத்தடுத்த தெருவில் வீடு. அவர் மொட்டைமாடியில் ஆன்டெனாவுக்காக நாற்பது மீட்டர் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறார். நான் வாடகைக்கு இருப்பவன். மாடிச் சாவி வீட்டுக்காரரிடம். அதனால் படுக்கையறையிலேயே நிற்கிற மாதிரி ஆளுயர வளையம் ஒன்று செய்தேன். நீண்ட அலைக்கு இவ்வளவு சின்ன ஆன்டெனாவா என்று ரேடியோ சங்கத்தில் சிரித்தார்கள். இரண்டு மாத வேலை. கெபாசிட்டரை ஒரு மயிரிழை கூடத் திருப்பினால் அலைவரிசை கைநழுவிவிடும், அத்தனை நுணுக்கம். அண்ணன் வந்தார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல துணி காயப் போடலாம்டா," என்றார்.

நான் கோபப்படவில்லை. அண்ணியும் சிரித்தார், அதற்கும் கோபப்படவில்லை.

இந்த வளையத்துக்கு ஒரு குணம் உண்டு. விளிம்பு காட்டும் பக்கம் சத்தம் போகும். முகம் பார்க்கும் பக்கம் அடங்கிவிடும். முகத்தை அண்ணன் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்து விடியற்காலையில் மோர்ஸ் தந்திக் குறியில் தட்டினால், பக்கத்துத் தெரு ஏழு கடல் தாண்டி இருப்பதுபோல் கேட்கும். கையால் மெல்ல ஆட்டினால் மங்குவதும் தெளிவதும்கூடக் கிடைக்கும். என் தட்டு அவருக்கு அத்துப்படி என்பதால் இடது கையால் தட்டினேன். நடுக்கடல் தீவொன்றில் தனியாக இருக்கும் வானிலை நிலையக் காவலாளி என்று சொல்லிக்கொண்டேன். அந்தத் தீவை ஒரு தடவையாவது ரேடியோவில் பிடித்துப் பேச அவர் இருபது வருடமாகத் தவம் கிடந்தார்.

விளையாட்டுத்தான். ஆனால் அவர் தினமும் வந்தார். மூட்டுவலி, அண்ணியோடு சண்டை, எல்லாம் கொட்டினார். "எனக்கு ஒரு தம்பி இருக்கான். தங்கமானவன், கைவேலைதான் வராது" என்றும் சொன்னார். அன்றோடு கதையை முடித்துவிட நினைத்தேன். கப்பல் வரவில்லை, சாப்பாட்டுச் சாமான் ஒரு மாதத்துக்குத்தான் இருக்கிறது என்று தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அவர் முதலில் உங்கள் கடலோரக் காவல்படை அலுவலகத்துக்குத்தான் வந்தாராமே, அந்தக் காவலாளியைக் காப்பாற்றச் சொல்லி. அந்தத் தீவில் ஆளே கிடையாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் அவர் என்னைத்தான் நம்பினார். மறுநாளே தன் பாய்மரப் படகில் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டார். அண்ணி வந்து அழுதபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"தம்பி, நீங்களாவது ரேடியோல கூப்பிட்டுத் திரும்பி வரச் சொல்லுங்க," என்றார்.

கூப்பிட்டேன். படகில் ரேடியோ இருந்தது. உடனே பதில் வந்தது. உண்மையைச் சொல்லத்தான் வலது கையை எடுத்தேன். ஆனால் பாருங்கள், இருநூறு கிலோமீட்டர் தள்ளி அவருக்கு என் வளையம் கேட்டிருக்கிறது. இடது கையால் "வா, காத்திருக்கிறேன்" என்று தட்டினேன். வளையத்தின் விளிம்பைக் கடல் பக்கம் திருப்பி வைத்தேன். மறுநாள் முந்நூற்றைம்பது. அதற்கடுத்த நாள் ஐந்நூறு. இன்று காலை ஆயிரத்து எண்ணூற்றைம்பது. சங்கத்தில் எவனும் இத்தனை சின்ன வளையத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போனதில்லை.

"கிட்ட வர வர உன் சத்தம் தேயுதே, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன்மேல் எனக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

அவர் இருக்கும் இடத்தை இந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். குடிதண்ணீர் நாளை மாலை வரைக்கும் வரும் என்று அவரே சொன்னார். அதனால் விமானத்தை இன்றே கிளப்ப வேண்டிய அவசியமில்லை. விடியற்காலையில் என்னை அரை மணி நேரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு கிளப்புங்கள். அதற்குள் இரண்டாயிரம் ஆகிவிடும்.