கழிவுத் தொட்டியில் போட்ட சாவி

என் பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு விலாசமும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடி சரியானவை. எனக்கு வயது இருபத்திரண்டு. தகப்பனார் உயிருடன் இல்லை. மேற்படி விலாசத்தில் என் தாயாருடன் குடியிருந்து வருகிறேன். விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பில் வகுப்புகளை முடித்துவிட்டு, உரிமம் வாங்கும் முன் செய்ய வேண்டிய நேரடிப் பயிற்சிக்காக விமான நிலையத்தில் விமானங்களைப் பழுது பார்க்கும் கொட்டகையான ஹேங்கரில் வேலை பார்த்து வருகிறேன். உரிமம் என்பது ஒரு விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் அதிகாரம். என் மீது வழக்குப் பதிவானால் அது எனக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது. தெரிந்துதான் பேசுகிறேன்.

என் மீது புகார் கொடுத்திருக்கும் பொறியாளர் என் தாயாரின் உடன்பிறந்த தம்பி. எனக்குத் தாய்மாமா. வீட்டில் மாமா, ஹேங்கரில் சார். இந்தப் பயிற்சிக்கு எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் போவார். என் தாயாரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலத் தலையாட்டுவார்.

நான் சேர்ந்த நாளிலிருந்து விமானக் கழிப்பறை வேலை எனக்குத்தான் கொடுக்கப்பட்டது. எங்களிடம் வருவது சின்ன விமானங்கள். கழிப்பறைக்கு அடியில் உள்ள தொட்டியைக் கழற்றிக் கீழே இறக்கி, உள்ளே இருப்பதை அப்புறப்படுத்தி, அடைப்பெடுத்து, நீல நிற மருந்துத் தண்ணீர் ஊற்றித் திரும்ப மாட்ட வேண்டும். என்னுடன் பயிற்சியில் இருக்கும் பையன் எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பதால் அவனைக் கண்ணாடி என்றே கூப்பிடுவார்கள். அவனும் முறை வைத்து அந்த வேலையைச் செய்ய வேண்டியவன்தான். ஆனால் அவன் எஞ்சின் பக்கமே இருப்பான், நான் தொட்டிப் பக்கமே இருப்பேன். ஏன் சார் என்று நான் கேட்டதற்கு மாமா, "பொம்பளப் புள்ளைங்களுக்குக் கழுவுற வேலை நல்லா வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வேலையில் எனக்கு வெட்கம் எதுவும் கிடையாது. அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போதும் குமட்டுகிறது.

மாமா ரொம்பச் சுத்தம் பார்ப்பவர். எங்கள் வீட்டில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். நான் இந்த வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு என் கையால் தண்ணீர் வாங்க மாட்டார். "நீ கீழ வை. அக்கா எடுத்துக் குடுக்கட்டும்" என்பார். அந்த வேலைக்கு என்னை அனுப்பியவரே அவர்தான். அதே மனிதர் ஹேங்கரிலிருந்து சட்டைப் பையில் கொண்டுவரும் மெல்லிய கம்பியால் பல் குத்திவிட்டு எங்கள் தரையில் எறிந்துவிட்டுப் போகும் கம்பித் துண்டுகளை நான்தான் பெருக்கி எடுப்பேன், அருவருப்பாக இருக்கும் என்று நான் சொன்னபோது, இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்த காவலர் "மன வருத்தம்னு போட்டுக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம், அருவருப்பு என்றே எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு விமானத்தின் வால் பகுதியில் வேலை நடந்தது. வாலில் மேலும் கீழும் அசையும் ஒரு பலகை உண்டு. விமானத்தின் மூக்கை ஏற்றுவதும் இறக்குவதும் அதுதான். விமானியின் கைப்பிடியிலிருந்து அந்தப் பலகை வரை ஓடும் கேபிளை இறுக்கும் வேலையை மாமா செய்தார். கண்ணாடி அவருக்கு விளக்குப் பிடித்தான். அதே விமானத்தின் கழிவுத் தொட்டியை இறக்கித் தரையில் வைத்து, கழுவி வைத்திருந்த மாற்றுத் தொட்டியை அதில் மாட்டிவிட்டு, கழிவு வண்டிக்காக நான் காத்திருந்தேன். அதன் பிறகு மாமா வாலின் மூடித் தகட்டை மாட்டி முடித்துவிட்டு, பறக்கலாம் என்று கையெழுத்தும் போட்டார்.

எங்கள் ஹேங்கரில் ஒரு கருவிப் பலகை இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவம் அந்தப் பலகையில் கறுப்பாக வரையப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் எல்லாக் கருவிகளும் அதனதன் உருவத்தின் மேல் தொங்க வேண்டும். ஓர் உருவம் காலியாகத் தெரிந்தால் அந்தக் கருவி விமானத்துக்குள் எங்கோ கிடக்கிறது என்று அர்த்தம். அது கிடைக்கும் வரை விமானம் அசையக் கூடாது. படிப்பில் சேர்ந்தவுடன் முதலில் சொல்லித் தருவதே இதைத்தான். நான் அந்தப் பக்கம் போனபோது சின்ன ஸ்பேனர் ஒன்றின் உருவம் காலியாக இருந்தது. மாமாவிடம் சொன்னேன். "எங்கயாவது இருக்கும். நீ போய் உன் தொட்டியப் பாரு" என்று சொல்லிவிட்டு ஹேங்கரை ஒட்டியிருக்கும் எங்கள் பயிற்சி வகுப்பறைப் பக்கமாக நடந்தார்.

அதன் பிறகு நான் திரும்பி வந்து பார்த்தபோது பலகை நிறைந்திருந்தது. ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். பெயின்ட் கரைக்கும் தின்னர் வாடை அடித்தது. வகுப்பறைக் கருவிகள் ஹேங்கர் கருவிகளோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக, நான் படிக்கும்போது அவற்றுக்கெல்லாம் பச்சைப் பெயின்ட் அடித்தவளே நான்தான். அந்தப் பச்சையைத் துடைத்தெடுத்திருந்தார்கள். ஆனால் ஸ்பேனரில் பொறித்திருந்த எழுத்துகளின் பள்ளத்துக்குள் பச்சை அப்படியே இருந்தது. ஆக, காணாமல் போன ஸ்பேனர் வாலுக்குள் கிடக்க, அதன் இடத்தில் வகுப்பறை ஸ்பேனர் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியிடம் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் லைட்டு மட்டும்தான் புடிச்சேன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அதன் பிறகு மாமாவிடம் போய், "மாமா, இது கிளாஸ் ரூம் ஸ்பேனர்" என்றேன். ஹேங்கருக்குள் அவரை மாமா என்று நான் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அவர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "பாசஞ்சர் எல்லாம் டெர்மினல்ல வந்து உக்காந்தாச்சு. மறுபடி கழட்டுனா எல்லாம் லேட்டாகும், என் பேருதான் கெடும். கெடந்தா அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடந்துட்டுப் போகுது" என்றார். கேபிளில் சிக்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றார். அதற்கு மேல் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. தரச் சோதனை அதிகாரிக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அணைத்து வைத்திருந்தார்.

அப்போது விமானத்தை வெளியே இழுக்கும் வண்டியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருந்தார். சாவி வண்டியிலேயே இருந்தது. அதை நான் எடுத்தேன். பையில் வைத்தால் பிடுங்கிவிடுவார்கள். என்னைத் தவிர யாரும் கை வைக்காத இடம் அந்த ஹேங்கரில் ஒன்றுதான் உண்டு. எனவே எல்லோரும் பார்க்கும்படியாகச் சாவியைக் கழிவுத் தொட்டிக்குள் போட்டேன். போட்டுவிட்டு, "வாலைத் திறந்து பாருங்க. திறந்தீங்கன்னா நானே கைய விட்டுச் சாவிய எடுத்துத் தர்றேன்" என்று சத்தமாகச் சொன்னேன். சாவியை ஒளித்ததாகப் புகாரில் இருப்பது தவறு. போட்ட இடத்தை ஊர் கேட்கச் சொன்னேன்.

மாற்றுச் சாவி பூட்டிய அலுவலகத்துக்குள் இருந்தது. இன்னொரு இழுவை வண்டி சக்கரம் இல்லாமல் கட்டைமேல் நிற்கிறது. தொட்டியைக் கவிழ்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் விமானத்தின் சக்கரத்தடியில் ஓடும். மாமா கண்ணாடியிடம் தொட்டிக்குள் கையை விட்டு எடுக்கச் சொன்னார். அவன், "சார், எனக்குக் கையில புண்ணு இருக்கு" என்றான். காலையில் விளக்குப் பிடித்த கையில் புண் எதுவும் இல்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பியிருந்த ஓட்டுநரைச் சொன்னார். "இழுக்கச் சொல்லுங்க இழுக்குறேன். இதெல்லாம் என் வேலை இல்ல சார்" என்று அவர் தள்ளி நின்றுகொண்டார்.

மாமா ஒரு தடவை வாலைப் பார்த்தார், ஒரு தடவை தொட்டியைப் பார்த்தார். எப்படியும் வாலைத்தான் திறப்பார் என்று நான் நம்பினேன். சுத்தமான வேலை, ஏணியும் பக்கத்திலேயே இருந்தது. அவர் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி மேசைமேல் வைத்தார். என் கையுறையை மாட்டிப் பார்த்தார், அவர் கை அதற்குள் போகவில்லை. அதன் பிறகு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தோள் வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினார். அடியில் கெட்டியாக இருப்பதையும் கிளறினார். நான் எத்தனையோ தொட்டிகளைக் கழுவியிருக்கிறேன், ஒரு நாளும் எனக்கு வாந்தி வந்ததில்லை. இன்று வந்தது. ஒரு ஸ்பேனரை விட்டுவிட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்வதைவிட அவருக்கு இது சுலபமாக இருந்திருக்கிறது.

சாவி கிடைத்தது. துணியில் துடைத்து ஓட்டுநரிடம் நீட்டினார். ஓட்டுநர், "ஐயய்யோ, அத நான் தொட மாட்டேன் சார்" என்று பின்னால் போனார். "கழுவித் தர்றேன்யா" என்றார் மாமா. "கழுவுனாலும் தொட மாட்டேன். நான் இந்தக் கையாலதான் சோறு திங்கணும்" என்றார் ஓட்டுநர். அவர் வண்டியைச் சுற்றி ஓட, மாமா மருந்துத் தண்ணீரில் நீலமான கையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். ஓட்டுநர் விமானத்தில் போகிறவர்களை நினைத்து மறுத்தார் என்று யாரும் எழுத வேண்டாம். நாற்றத்துக்காகத்தான் மறுத்தார். ஆனாலும் அந்த நேரம் போதுமானதாக இருந்தது.

ஏன் விமானம் இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு அதை ஓட்ட வேண்டிய பெண் விமானி ஹேங்கருக்கு நடந்தே வந்துவிட்டார். மாமாவின் கையைப் பார்த்து, என்ன இது என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லி, பச்சை படிந்த ஸ்பேனரையும் காட்டினேன். அவர் வாலைக் காட்டி, "அதத் திறந்து காட்டாம நான் இதுல ஏற மாட்டேன்" என்றார். உடனே மாமா, நான் விமானத்துக்குச் சேதம் விளைவிக்க முயன்றதாகப் பாதுகாப்பு ஆட்களிடம் புகார் சொன்னார். அவர்கள் என்னை ஓர் அறையில் உட்கார வைத்தார்கள்.

அதன் பிறகு காவல் ஆய்வாளர் வந்து, அவர் முன்னிலையில் வேறொரு பொறியாளர் வாலைத் திறந்ததாக அறிகிறேன். நான் அங்கே இல்லை. கேபிள் வளைந்து திரும்பும் சின்னச் சக்கரத்துக்குக் கீழே கிடந்ததாகச் சொல்லி, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு ஸ்பேனரை என்னிடம் காட்டினார்கள். அது எங்கள் ஹேங்கர் பலகையைச் சேர்ந்ததுதான் என்று அடையாளம் சொன்னேன். அதன் எழுத்துகளில் பச்சை இல்லை.

அதன் பிறகு பாதுகாப்பு அறைக்கு மாமா வந்தார். குளித்து வேறு சட்டை மாற்றியிருந்தார். சோப்பு வாடை வாசலிலேயே அடித்தது. காவலர் வெளியே நின்றார். மாமா என்னிடம், "ஸ்பேனர நீதான் விட்டுட்டேன்னு சொல்லிடு. டிரெய்னிங் புள்ள, திட்டிட்டு விட்டுருவாங்க. எனக்குன்னா லைசென்ஸே போயிடும். நீ சொல்லிட்டா நான் புகார வாபஸ் வாங்கிக்கறேன், உன் மேல ஒரு கேஸும் இருக்காது" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "சரி, அதப் பத்தி உனக்கு என்ன தோணுதோ எழுதிக் குடு. தொட்டிக்குள்ள கை விட்டத மட்டும் அக்காகிட்ட சொல்லிடாத. அப்புறம் உங்க வீட்டுல நான் எப்படிக் கை நனைக்கிறது?" என்றார்.

இவ்வளவு நடந்த பிறகு அவருக்கு அருவருப்பாக இருந்தது அது ஒன்றுதான்.

மேலே கண்டவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. முழுவதும் உண்மை. மாமா சொன்னதைத் தவிர வேறு யாரும் எனக்கு ஆசை காட்டவோ பயம் காட்டவோ இல்லை. என்னைக் கூட்டிப் போக என் தாயார் வந்து வெளியே காத்திருப்பதாகச் சொன்னார்கள். இதன் நகல் ஒன்றை அவர் கையில் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும்.

(கையொப்பம்)