விளிம்பில் பொறித்த பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குக் கிளம்பும் பேருந்தில் கூட்டம் இருக்காது. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை, சன்னல் பக்கம். இரண்டு வருடமாக அதுதான் என் இடம். சிப்காட் ஆலைகள் வரும்போது மட்டும் கண்ணாடியைச் சாத்திவிடுவேன், அந்த வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது. இதெல்லாம் எதற்கு என்று நினைப்பீர்கள் மேடம். அன்று எப்படி வந்தாய் என்றுதானே முதலில் கேட்டீர்கள்.

என் பெயர் சபாபதி. வயது ஐம்பத்தொன்பது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போரில் சண்டை விமானம் ஓட்டியவர்களுக்குக் கொடுத்த பதக்கங்களைச் சேர்க்கிறேன். பதினொரு பேருடையது வீட்டு அலமாரியில், ஒவ்வொன்றுக்கும் மரத்தட்டில் வெட்டிய பள்ளத்தில் இருக்கிறது. தரைப்படைப் பதக்கம் எதையும் நான் தொடுவதில்லை. அங்கே ஒருவன் செய்ததில் பக்கத்தில் நின்றவனுக்கும் பங்கு உண்டு. சண்டை விமானத்தில் ஒரே ஓர் இருக்கை. செய்தவன் அவன், வாங்கியவன் அவன், பதக்கத்தின் விளிம்பில் பொறித்திருப்பதும் அவன் பெயர்தான்.

தேவசகாயம் சாரை முதலில் பார்த்தது மஞ்சக்குப்பம் மைதானத்தில், குடியரசு தின விழாவில். வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். மார்பில் நான்கு பதக்கங்கள். முதலாவது பாதி நீலம், பாதி காவி நாடாவில் தொங்கியது. வீர் சக்ரா. அதைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

மைதானத்துக்குப் பின் தெருவில் வீடு. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. சமையலுக்கும் துணைக்கும் சவரியம்மாள். நுரையீரல் கெட்டுப்போயிருந்ததால் மூச்சுக்கு அடிக்கும் பம்ப் எப்போதும் மேசைமேல் இருக்கும். நான் போகும்போதெல்லாம் அவருக்கு இட்லியும் கொத்சும் எடுத்துப்போவேன். சாப்பிட்டுவிட்டுப் பேசுவார். எழுபத்தொன்று டிசம்பர், மேற்கு எல்லை. இவரும் அறிவழகன் என்ற இன்னொரு விமானியும் ஆளுக்கொரு விமானத்தில் போனார்கள். எதிரி விமானம் ஒன்றை இவர் சுட்டு வீழ்த்தினார். அறிவழகன் திரும்பவில்லை. பதக்கத்துக்கான அரசாங்கக் குறிப்பு எனக்கு மனப்பாடம். அன்று இவருடைய விமானத்தில் சுடுவதைப் படம்பிடிக்கும் கேமரா ஓடவில்லை என்று ஒரு வரி மட்டும் அதில் இடிக்கும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருடம் ஒருநாள் அவரே சொன்னார். “எனக்கப்புறம் இத யாரு பாத்துக்கப் போறாங்க? நீயே வச்சிக்கய்யா.” ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நான் கேட்கவில்லை மேடம்.

ஜூலை மாதம் மூன்றாவது ஞாயிறு. சவரியம்மாள் பூசைக்குப் போயிருந்தார். சார் இட்லியைத் தொடவில்லை.

“சபாபதி, ஒனக்கு எழுதிக்குடுத்த பேப்பர கிழிச்சிடு. மெடல் ஒனக்கு இல்ல.”

“ஏன் சார்?”

“எனக்கே இல்லய்யா அது. அந்த பிளேன அடிச்சது அறிவழகன். நான் சுட்டது ஒண்ணும் படல. அவன் அடிச்சான், அடுத்த நிமிஷம் அவன அடிச்சிட்டாங்க. நான் மட்டும் கீழ எறங்குனேன். நீயா அடிச்சேன்னு கேட்டாங்க. தலையாட்டிட்டேன். அம்பத்து மூணு வருஷமாச்சி.”

டிபன் டப்பாவை மூடி வைத்தேன்.

“அவன் தங்கச்சி தமிழ்ச்செல்வி ஒங்க சிதம்பரத்துலதான் இருக்காங்க. இப்பதான் நம்பர் கெடச்சிது. புதன்கெழம வராங்க, அவுங்க கையில குடுத்துடுவேன். ஏர்ஃபோர்ஸ் ஹெட்குவார்ட்டர்ஸுக்கும் லெட்டர் எழுதிட்டேன். நாளைக்கி சவரியம்மா போஸ்ட் பண்ணிடுவா.”

கடிதத்தைப் படிக்கக் கொடுத்தார். நான்கு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. அவர் அழுதுகொண்டிருந்தார், ஆனால் காய்ச்சல் விட்டவர்போல முகம் தெளிவாக இருந்தது. இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் விளிம்பில் இருக்கும் பெயர் பொய்யாகிவிடும் என்று நினைத்தேன். பிறகு அவரைப் பற்றியும் நினைத்தேன். வருடா வருடம் மேடையில் நிறுத்திச் சால்வை போட்டவர்கள் என்ன பேசுவார்கள். அவரைப் பற்றியும் நினைத்தேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அதிகம் பேசியதில் அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. பம்ப் என் பக்கம் இருந்தது.

“அந்த பம்ப எடு.”

எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டேன்.

“லெட்டர கிழிச்சிடலாம் சார். சரின்னு சொல்லுங்க, தரேன்.”

எனக்குக் காது கேட்கவில்லை என்று முதலில் நினைத்திருப்பார். கையை நீட்டி, “குடுய்யா” என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். நான் குரலை உயர்த்தாமல் மறுபடியும் கேட்டேன். அவருக்குப் பேச மூச்சு இல்லை. மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்ற முயன்றார், விரலுக்குப் பிடிபடவில்லை. நான் எழுந்து கழற்றிவிட்டேன். ஒன்பது ஐம்பத்தெட்டிலிருந்து பத்து ஒன்பது வரை ஆயிற்று. ஆய்வகத்தில் இருந்தவன், கடிகாரம் பார்ப்பது பழக்கம். நடுவில் இரண்டு முறை கையை நீட்டினார். இரண்டாவது முறை பம்புக்காக நீட்டவில்லை. மேசைமேல் நான் வைத்திருந்த கடிதத்தை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

பம்பை மேசைமேல் வைத்தேன். கடிதம் சட்டைப் பையில், வீர் சக்ரா என் தோள் பையில். டிபன் டப்பாவைக் கழுவினேன். பத்தரைக்குச் சவரியம்மாள் வந்தார். “நான் வந்தப்பவே சார் போயிட்டாரும்மா” என்றேன்.

“நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தாரு சார், காப்பி குடுத்துட்டுத்தானே போனேன்” என்று அவர் கதறினார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வயதையும் நோயையும் பார்த்து டாக்டர் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை அடக்கம். பெட்டியைச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். அன்று சாயங்காலம் கடிதத்தை எரித்தேன்.

புதன்கிழமை, சவரியம்மாள் கூப்பிட்டதால், காகிதங்களை ஒழுங்குபடுத்தப் போயிருந்தேன். தமிழ்ச்செல்வி வந்தார். எழுபது வயது இருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை. சார் இறந்ததே தெரியாமல் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

“ஞாத்துக்கெழம காலையில போன் பண்ணாரே. எங்க அண்ணனப் பத்தி ஒண்ணு சொல்லணும், நேர்ல வாங்கன்னாரு. அப்பறம், கேட்டத் தொறந்துக்கிட்டு சபாபதி வராரு, மொதல்ல அவருகிட்ட சொல்லிடறேன்னு போன வச்சாரு. நீங்கதானே சபாபதி?”

காப்பி டம்ளரோடு நின்ற சவரியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர்தான் பிறகு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். சரியாகத்தான் செய்தார்.

ஆனால் தமிழ்ச்செல்வி அதையெல்லாம் கவனிக்கவில்லை. “எங்க அண்ணனப் பத்தி என்ன சார் சொன்னாரு?” என்றுதான் கேட்டார். பழப் பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

“ஒண்ணும் சொல்லலம்மா” என்றேன்.

என் அலமாரியை நீங்கள் திறந்து பார்த்துவிட்டீர்கள். பன்னிரண்டாவது பள்ளம் எப்போது வெட்டியது என்று உங்கள் ஆள் கேட்டார். இரண்டு வருடம் முன்பு, அந்தக் குடியரசு தினத்துக்கு மறுநாள். பதக்கம் அதில்தான் இருந்தது.

தேவசகாயம் சாரைக் கொன்றது நான். பம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அறிவழகன் பற்றிச் சொன்னதை விட்டுவிடுங்கள், சாருக்கு அவமானம். காரணம் என்று ஒன்று வேண்டுமல்லவா, பதக்கத்தின்மேல் இருந்த ஆசையில் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அது உண்மையில்லை என்பது நம் இருவருக்கும் தெரிந்தால் போதும்.