பேர் சொன்ன குற்றம்

— மொதல்ல அந்தக் கோட்டைக் கழட்டுடா. அதைப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியுது.

— கோட்டு என்னம்மா பண்ணுச்சு?

— கோட்டு ஒண்ணும் பண்ணல. அதுக்குள்ள இருக்கிறவன்தான் பண்ணிட்டு வந்து நிக்கிறான். கல்யாண மண்டபத்துல, அத்தனை சனத்துக்கு நடுவுல, பெரிய வீட்டு ஐயாவைப் பேரு சொல்லிக் கூப்பிட்டியே அண்ணாதொரை, உனக்கு நாக்கு கூசலையா?

— கூசல. அவருக்குப் பேரு ராஜாங்கம். பேரைத்தான் சொன்னேன். கெட்ட வார்த்தை சொல்லல.

— ஐயோ, மெதுவாடா! தெருப் பூரா காது.

— பாத்தியா? நம்ம வீட்டுக்குள்ள நின்னு சொன்னாக்கூட உனக்கு வெடவெடங்குது. அது என்னம்மா பேரா, பாம்பா?

— நான் உங்கப்பா பேரையே இந்த வாயால சொன்னதில்ல. ரேசன் கடையில கேட்டாக்கூடப் பக்கத்துல நிக்கிறவளைச் சொல்லச் சொல்லுவேன். எனக்குப் போயி நீ பேரு சொல்லப் பாடம் எடுக்கிறியா?

— அதைத்தான் சொல்றேன். நீங்கல்லாம் பேருக்குப் பயந்தே செத்தீங்க. அங்க ஸ்வீடன்ல எங்க கம்பெனிக்கே தலைவரு ஒருத்தரு. பேரு லார்ஸ். நானும் லார்ஸுன்னுதான் கூப்பிடுறேன். கக்கூஸ் கழுவ வர்ற அம்மாவும் லார்ஸுன்னுதான் கூப்பிடுது. அவரு நின்னு பதில் சொல்லிட்டுப் போறாரு. நீ, நீங்கன்னு ரெண்டு வார்த்தையே அங்க புழக்கத்துல இல்லம்மா. ராசாவைத் தவிர எல்லாருக்கும் ஒரே நீதான்.

— அப்ப அங்கயும் ராசான்னு ஒருத்தன் இருக்கான்ல?

— ஒருத்தன்தான் இருக்கான். இங்க மாதிரி வாய்க்காலுக்கு ஒருத்தன் இல்ல.

— பேசு, பேசு. நானும்தான் உன் ஊர்ல வந்து கெடந்தேன், உன் பொண்டாட்டி பிள்ளைப்பேறு பாக்க. பக்கத்து வீட்டுக்காரி, காளிங்கற என் பேரைக் ‘காலி, காலி’ன்னு கூப்பிட்டா. என் மாமியாகூட என்னைய அப்படி மொட்டையாக் கூப்பிட்டதில்ல. சரி, அவுக வழக்கம் அதுன்னு விட்டேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போன்னு சொன்னாளா? கொழுக்கட்டை அவிச்சு எடுத்துட்டுப் போனேன். கதவைப் பாதி தொறந்து வாங்கிக்கிட்டுச் சாத்திட்டா. மறுநாளு கிண்ணத்தைக் கழுவி வாசல்ல வச்சிருக்கா, வெறுங்கிண்ணமா. கொஞ்சம் சீனியாவது போட்டுக் கொடுக்க மாட்டா? அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கல.

— அது அங்க மரியாதைம்மா. அடுத்தவங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு ஒதுங்கிப்போறது. உன்னை அவமானப்படுத்தணும்னு செய்யல.

— அது மரியாதைன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— தெரியாதுதான்.

— அதே மாதிரி நீ பேரு சொன்னது மரியாதைன்னு இவருக்கு எப்படித் தெரியும்? இவரு ஸ்வீடனுக்கா போயிட்டு வந்தாரு? வலங்கைமானைத் தாண்டிக் கும்பகோணம் போறதுக்கே காரு வரணும் அவருக்கு.

— அப்ப இங்க எதும்மா மரியாதை? அதைச் சொல்லு. அப்பாவுக்கு அறுபத்தாறு வயசு. அந்த வீட்டுப் பேரப்பய, மீசைகூட முளைக்கல, ‘பக்கிரி, அந்த எச்செலையெல்லாம் எடு’ங்கறான். நாம அங்க வேலைக்கா போனோம்? பத்திரிகை வச்சுக் கூப்பிட்டாங்க, போனோம். கடைசிப் பந்தியில, கை கழுவற எடத்துக்குப் பக்கத்துல உக்கார வச்சாங்க. சரின்னு உக்காந்தோம். அப்பா இலையில சோறு விழுந்தாச்சு. அவரு முன்னாடி வந்து நின்னுக்கிட்டுச் சொல்றான், எச்செலை எடுன்னு. அது உங்க யாருக்கும் குத்தல. நான் ஒரு பேரு சொன்னது குத்துது.

— அது எனக்குக் குத்தலைன்னு யாருடா சொன்னா?

— குத்துன மாதிரி தெரியலையே.

— குத்துனா வெளியில தெரியணுமா? அந்தப் பொடியன் சொன்னதை நானும்தான் கேட்டேன். உன் மூஞ்சி மாறுனதையும் பாத்தேன். நீ இலையை விட்டு எந்திரிச்சு வாசப்படியில போயி நின்னதையும் பாத்தேன். பெரிய வீட்டு ஐயா பந்தி விசாரிக்க உள்ள வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருந்துதானே கூப்பிட்ட? ஸ்வீடன் வழக்கம், ஸ்வீடன் வழக்கம்னு எங்கிட்டயே கதை விடாத. பழக்கத்துல வாய் தவறி வர்ற பேரு அவ்வளவு சத்தமா வராது தம்பி. நீ குத்தணும்னுதான் குத்துன.

— ஆமா. குத்தணும்னுதான் கூப்பிட்டேன். போதுமா?

— இப்பத்தான் எம்புள்ள பேசுற மாதிரி இருக்கு.

— ஆனா அவருக்குக் குத்தலம்மா. எனக்குத்தான் குத்துச்சு. ‘ராஜாங்கம்!’னு நான் கூப்பிட்டதும் பந்தியே அடங்கிப்போச்சு. அவரு அப்படியே நின்னுட்டாரு, பதில் சொல்லல. எந்திரிச்சது யாரு? எங்கப்பா. பாதிச் சோறு இலையில கெடக்க, ரசம் ஒழுகுற கையோட, ‘இந்தா வந்துட்டேன்’னு எந்திரிச்சு நின்னாரு. யாரோ என்னைய அடிக்க வர்ற மாதிரியும், இவரு குறுக்க விழுந்து தடுக்கிற மாதிரியும். அத்தனை பேரும் சிரிச்சாங்கம்மா. பெரிய வீட்டு ஐயாவும் சிரிச்சாரு. நான் யாருக்காகக் கூப்பிட்டேனோ அந்த மனுசனே என்னைய மண்ணாக்கிட்டாரு.

— சிரிச்சதோட விட்டிருந்தா நான் சூடம் கொளுத்திக் கும்பிட்டிருப்பேன். நீ பஸ் ஸ்டாண்டு பக்கம் போயி நின்ன நேரத்துல அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளை ஐயாவு வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு. பொழுது சாயறதுக்குள்ள நீ பெரிய வீட்டு வாசலுக்கு வரணுமாம். ‘தெரியாமச் சொல்லிட்டேங்க ஐயா’ன்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம்.

— சொல்லலைன்னா?

— குத்தகையை விட்டுட்டுப் போவச் சொல்றாங்க. சம்பாவுக்கு நாத்து விட்டு, இந்தா பறிக்கிற பதத்துல நிக்குது. அதுல போயி கை வைக்காதன்னுட்டாங்கன்னா நான் அதை எங்க கொண்டு போயி நடுவேன்? உன் கோட்டுப் பையிலயா?

— நான் வேற நெலம் வாங்கித் தர்றேன்.

— நீ வாங்கிக் கொடுப்ப. நம்ம தெருக்காரனுக்கு எவன் விப்பான்? வித்தாலும் அதுக்குத் தண்ணி எந்த வழியா வரும்? பெரிய வீட்டு வயலைத் தாண்டித்தானேடா வாய்க்கா வருது? நீ அங்க இருந்துக்கிட்டுக் கம்ப்யூட்டர்ல தண்ணி அனுப்புவியா?

— அதுக்காக நான் போயி கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? முடியாதும்மா. என்னால முடியாது. நாளைக்கு எம்மக கேட்டா நான் என்ன சொல்றது?

— காளி, துண்டு எங்க?

— வந்துட்டாரு. கொடியில கெடக்கு, எடுத்துக்குங்க. அடிபம்புல எவ்வளவு நேரந்தான் மூஞ்சி கழுவுவீங்க? உங்க புள்ள என்ன சொல்றான்னு நீங்களே கேளுங்க. போக மாட்டானாம்.

— கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஏன்டா, நீ யாருக்காகக் கூப்பிட்டன்னு சொன்ன?

— உனக்காகத்தாம்ப்பா.

— என்னையக் கேட்டியா?

— இதையெல்லாம் கேட்டா செய்வாங்க?

— கேக்கணும். ஞாயித்துக்கெழமை நீ ஏரோப்ளேன் ஏறிப் போயிடுவ. திங்கக்கெழமை அந்த வரப்புல நடக்கறவன் நானு. எனக்காகச் செய்யறவன் என்னையக் கேக்கணும். அந்தப் பொடியன் என்னையக் கேக்காம இலை எடுக்கச் சொன்னான். நீ என்னையக் கேக்காம எனக்காகச் சண்டைக்குப் போன. ரெண்டு பேருக்கும் நான் ஆளாத் தெரியலைல்ல?

— அப்பா, அவனையும் என்னையும் ஒண்ணா வச்சுப் பேசாத. அங்கல்லாம்...

— அங்கல்லாம் என்னா? சொல்லு. உன்னைய அங்க என்னன்னு கூப்பிடுறாங்க?

— என்னையா? பேரு சொல்லித்தான்.

— முழுப்பேரா?

— முழுப்பேரு அவங்க வாயில வராதுப்பா. ‘அன்னா’ன்னு கூப்பிடுவாங்க. அங்க அது பொம்பளைப் பேரு, மொதல்ல எல்லாரும் சிரிச்சாங்க, அப்புறம் பழகிப்போச்சு.

— ஏங்க, ஏன் அப்படிப் பாக்கறீங்க அவனை? அவுக நாக்குக்கு வரலைங்கறான்.

— நீ சும்மா இரு காளி. அன்னாவா? உனக்கு நான் பேரு வச்சப்ப என்ன நடந்துச்சுன்னு தெரியுமாடா? நெல்லு அடிச்சுக்கிட்டிருக்கோம். களத்து மேட்டுல நாற்காலி போட்டுப் பெரிய வீட்டு அப்போதைய ஐயா, இவரோட அப்பா, உக்காந்திருக்காரு. ‘என்ன பேருடா வச்ச?’ன்னாரு. சொன்னேன். ‘உன் புள்ளைக்குத் தொரையா கேக்குது? மாத்து’ன்னாரு. மாத்தலை. அந்த வருசம் எனக்குக் களத்துல வேலை இல்ல. உங்கம்மா வயித்துல ஈரத்துணியைக் கட்டிக்கிட்டு உனக்குப் பால் கொடுத்தா. அப்பவும் மாத்தலை. நீ என்னடான்னா, அவன் நாக்குக்கு வரலைன்னு நீயே ஒடிச்சுக் கொடுத்திருக்க.

— அது வேறப்பா. அவங்க மாத்துன்னு சொல்லல. மிரட்டல. நானாத்தான்...

— அதான் சொல்றேன். நீயாத்தான்.

— சரி. நான் செஞ்சது தப்பு. இருக்கட்டும். ஆனா பேருக்காக அவ்வளவு பட்டினி கெடந்தவரு, இன்னிக்கு ஏம்ப்பா எச்சில் கையோட எந்திரிச்சு நின்ன? இவ்வளவு ரோசத்தை எங்க வச்சிருந்த? எம்மக போன்ல உன்னையப் ‘பக்கிரி, பக்கிரி’ன்னு கூப்பிடுறா, பேசாம இருக்க. பெரிய வீட்டுப் பொடியன் பக்கிரிங்கறான், அதுக்கும் பேசாம இருக்க.

— அவ கூப்பிட்டப்ப நீங்கதான் சிரிச்சீங்க. எனக்குச் சிரிப்பு வரல.

— குழந்தைப்பா அவ! அங்க அது பாசம்.

— இருக்கட்டும். பாசமாக் கூப்பிட்டாலும் அது எனக்கு ஆகல.

— இந்தச் சண்டையை ராத்திரிக்கு வச்சுக்குங்க ரெண்டு பேரும். வெயில் எறங்கிடுச்சு. ஏங்க, நீங்களும் கூடப் போங்க. அவன் பேசாம நிக்கட்டும், நீங்க ரெண்டு வார்த்தை சொல்லிட்டுக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. பெட்டியில வெள்ளைச் சட்டை இருக்கு, எடுக்கட்டா?

— வேணாம்.

— என்னா வேணாம்?

— அவன் போகவேணாம். நானும் போகமாட்டேன்.

— உங்களுக்கும் புத்தி பெரண்டுபோச்சா? நாத்து நிக்குதுங்க!

— நிக்கட்டும். கருகுனா கருகட்டும். கணக்குப்பிள்ளைகிட்ட ஆளு அனுப்பிச் சொல்லிடு காளி, வரலைன்னு.

— அப்பா, நெசமாவா சொல்ற? இப்பத்தானே என்னையக் கேட்டியான்னு கத்துன?

— கேக்காததுக்குக் கத்துனேன். கூப்பிட்டதுக்குக் கத்துனேனா?

— நீ பேசறது எனக்கு வெளங்கல. அப்ப பந்தியில எதுக்குப் பதறுன?

— பதறல.

— நான் கண்ணால பாத்தேம்ப்பா! அவரைப் பேரு சொன்னதும் தூக்கிவாரிப்போட்டு எந்திரிச்ச. பயமா?

— பயம் இல்ல.

— அவருக்கு மரியாதையா?

— அவரு உள்ள வந்ததையே நான் பாக்கல. குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். கூப்பிட்ட சத்தம் கேட்டுச்சு, எந்திரிச்சேன்.

— உன்னை யாரு கூப்பிட்டா? நான் கூப்பிட்டது ராஜாங்கத்தை!

— எங்கப்பன் எனக்கு வச்ச பேரு அதான்டா. பெரிய வீட்டுல ஆம்பளப்புள்ள பொறந்து அதே பேரை வச்சாங்க, பண்ணையாள் வீட்டுல அந்தப் பேரு இருக்கக்கூடாதுன்னு களத்துல நிறுத்தி என்னையப் பக்கிரி ஆக்குனாங்க. அந்தப் பேரு அவருக்கு முன்னாடி எனக்கு வச்சது.