ராணிகள் இறங்கப் பூமிக்குள் கட்டிய நிலையம்

குண்டுவீச்சு விமானம் வருகிறதென்று சங்கு ஊதுகிறது. படியில் இறங்கி ஓடுகிறோம். 1965 செப்டம்பர், போர்க்காலம். சாயங்காலம். ராஜஸ்தானில் ஓர் எல்லையோர ரயில் நிலையம். நான் அங்கே டிக்கெட் கிளார்க். வத்தலக்குண்டுக்கு மேலே மலையில் இருக்கும் போளூரில், எங்கள் வீட்டில் முதலில் படித்தவன். முன்னால் அக்கா செல்லம். அவள் புருஷன் காளிமுத்து, தண்டவாளம் பார்க்கும் ரயில்வே கேங்மேன். அவர் தோளில் மூன்று வயது பாண்டி.

“வெரசா! வெரசா!”

கீழே இன்னொரு நிலையம். அரண்மனைப் பெண்கள் யார் கண்ணிலும் படாமல் இறங்குவதற்காக அந்த ஊர் ராஜா பூமிக்குள் கட்டியது. ரயில் சரிவில் இறங்கி நேரே மண்டபத்துக்குள் வரும். சலவைக்கல் தூண்கள். உச்சியில் விரிந்த தாமரை. சுவரெல்லாம் நீல ஓடு. கூரை முழுக்கக் கண்ணாடிச் சில்லு. ஒரு விளக்கு ஏற்றினால் வானமே இறங்கியதுபோல் மின்னும். ராஜாக்கள் காலம் போனபின் தானிய மூட்டை அடுக்கினார்கள். இப்போது மனிதர்கள் பதுங்குகிறோம்.

“ஏலே மாப்ள, ராணிமார் எறங்குன எடத்துல உங்கக்கா எறங்கிட்டா. இனி கஞ்சி காய்ச்சுவாளா?” மச்சான் சிரித்தார்.

“ராணி காய்ச்ச மாட்டா. நீங்க காய்ச்சுங்க,” என்றாள் அக்கா.

முதல் குண்டு. தரை தூக்கிப் போட்டது. இரண்டாவது. விளக்கு அணைந்தது. கூரைக் கண்ணாடி சரசரவென்று கொட்டுகிறது. எங்கள் மலையில், அடைமழையில், பூண்டுக் காட்டுச் சரிவு பெயருமுன் சிறுகல் உருளும். அதே சத்தம். அதைக் கேட்டால் கூரைக்குக் கீழே நிற்கக் கூடாது. வெட்டவெளிக்கு ஓடவேண்டும். அப்படி ஓடித்தான் நாங்கள் பிழைத்திருக்கிறோம்.

“மண்ணு சரியுது! வெளிய ஓடுங்க!”

கத்திக்கொண்டே மச்சான் பாண்டியை அள்ளிப் படியேறினார். மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. யாரும் அசையவில்லை. எழுந்தது நானும் அக்காவும்தான்.

“மச்சான், நில்லுங்க! மேலதான் குண்டு!”

இரைச்சலில் என் குரல் போயிற்று. அக்கா அவர் பின்னால் பாய்ந்தாள். பக்கத்திலிருந்த உள்ளூர்ப் பெண் அவள் சேலையை இரு கையாலும் பற்றி இழுத்தாள். அக்கா என்மேல் விழுந்தாள்.

மூன்றாவது குண்டு. படிவாசலில்.

மச்சான் குப்புறக் கிடந்தார். முதுகு இல்லை. அடியில் பாண்டி. பிள்ளையை மூடிப் படுத்திருக்கிறார். இருவருக்கும் மூச்சில்லை.

மேல் நிலையம் தரைமட்டம். தண்ணீர்த் தொட்டி போயிற்று. கீழே, கூரையில் ஒரு கண்ணாடி மிச்சமில்லை. தூண் எதுவும் விரிசல் விடவில்லை. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் உயிரோடு எழுந்தார்கள்.

காளிமுத்து. பாண்டி. போளூரிலிருந்து நான்கு பேர் போனோம். வத்தலக்குண்டில் பஸ் ஏறி மலைக்குத் திரும்பியது இரண்டு பேர்.