இடப்பக்கம் நீளும் கை

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எமது உபதலைவர், பஞ்சிகாவத்தை ஸஹாப்தீன் நானா அவர்களே, மேடையில் இருக்கும் நிர்வாகக் குழு அன்பர்களே, மண்டப வாசலில் இடம் போதாமல் வண்டிகளை மரைன் டிரைவ் வரைக்கும் நிறுத்திவிட்டு வந்திருக்கும் பழைய வாகன உரிமையாளர்களே, முன்வரிசையில் இருக்கும் திருமதி சரோஜினிதேவி கிருபாகரன் அன்ரி அவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எமது சங்கத்தின் தலைவர், இளைப்பாறிய நில அளவையாளர், கொட்டாஞ்சேனை கிருபாகரன் அவர்கள் சென்ற மாதம் காலமானார். அவரைப் பற்றிப் பேச என் பெயரைச் சொன்னபோது குழுவில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவரிடம் இருந்தது போன்ற கார் கொழும்பில் இன்னும் ஒன்றுதான் ஓடுகிறது. அது என்னுடையது.

அவரைப் புகழத்தான் வந்திருக்கிறேன். ஆனால் பொறாமை இல்லாமல் அவரைப் புகழ எனக்குத் தெரியாது. நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காரைப் பற்றித் தெரியாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன். அது ஜெர்மனியில் செய்த இரண்டு கதவுக் கூபே. வயது முப்பத்தைந்துக்கு மேல். பக்கவாட்டில் முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில் தூண் கிடையாது. நான்கையும் இறக்கிவிட்டால் வண்டியின் பக்கம் முழுவதும் காற்றுக்குத் திறந்துவிடும். கதவு இரண்டுதான் என்பதால் அது நீளம். சீற்றில் இருந்துகொண்டு பெல்ற்றை எடுக்கப் பின்னுக்கு வெகுதூரம் எட்ட வேண்டும். அதற்காக அதைச் செய்தவர்கள் இரு பக்கமும் ஒவ்வொரு இயந்திரக் கை வைத்தார்கள். கதவைச் சாத்தி, திறப்பைப் போட்டுத் திருப்பினால், பின்னாலிருந்து ஒரு சிறிய கை மெல்ல நீண்டு வந்து பெல்ற்றை உங்கள் தோளருகே பிடித்துக்கொண்டு நிற்கும். நீங்கள் வாங்கிக்கொண்டதும் திரும்பிப் போய்விடும்.

என் மாமா மெல்பேர்னுக்குப் போகும்போது அந்தக் காரை வாங்க ஆளில்லாமல் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். கிருபாகரன் அங்கிள் தன்னுடையதைத் தேடி, காத்திருந்து, விரும்பி வாங்கியவர். அங்கிருந்தே என் பொறாமை தொடங்குகிறது.

அவருக்குக் கூரை போட்ட கொட்டில் இருந்தது. என் கார் வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. காலையில் வேலைக்குப் போகும் முன் ஈரத் துணியால் உப்பைத் துடைக்கிறேன். மாலையில் வந்து பார்த்தால் திரும்ப உப்பு! "கொட்டாஞ்சேனையில துறைமுக லொறியளின்ர தூசி, பிள்ளை" என்று அவர் குறைபடுவார். தூசி துடைத்தால் போய்விடும். உப்பு போகுமா? அது கதவின் அடியில் புகுந்து இரும்பைத் தின்னும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்து வண்டிகள் காலிமுகத்திடலில் கூடும்போது பொலிஸ்காரர் ஒருவர் வருவார். கிருபாகரன் அங்கிளின் காரைச் சுற்றிப் பார்த்து, "லஸ்ஸனயி, மாத்தயா" என்று அதன் அழகை மெச்சிவிட்டு, என் காரைக் கடந்து போய்விடுவார். இரண்டும் ஒரே வகை! ஒரே ஆண்டு! ஒரே சாம்பல் நிறம்! அந்தப் பொலிஸ்காரருக்குக் கண் இல்லையா என்று எத்தனை ஞாயிறு எரிச்சல்பட்டிருக்கிறேன்!

அங்கிள் மட்டும் சும்மா இருந்தாரா? என் காரின் தோல் சீற்றுகள் இன்னும் வெடிக்கவில்லை. அது அவருக்குப் பொறுக்கவில்லை. சந்திக்கும்போதெல்லாம் கதவைத் திறந்து குனிந்து தடவிப் பார்ப்பார்.

"என்ன பூசுறனீ?"

"ஒண்டும் பூசுறேல்லை, அங்கிள்."

"பொய்."

"உண்மையா ஒண்டும் இல்லை."

"சரி, சொல்லாதை. நான் கண்டுபிடிக்கிறன்."

கடைசிவரை அவர் நம்பவில்லை. நான் உண்மையிலேயே ஒன்றும் பூசவில்லை, அன்பர்களே!

அவர் சங்கத்துக்குச் செய்த சேவையை யார் மறுக்க முடியும்? கிராண்ட்பாஸ் சந்தியில் இருளப்பன் அண்ணையின் வண்டி ஆவி கக்கிக்கொண்டு நின்றபோது, பின்னால் பஸ்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தபோது, கோயிலுக்குப் போகப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வீதியில் படுத்தவர் யார்? தண்ணீர்க் குழாயைக் கட்டி, வண்டியை உருட்டி, இருளப்பன் அண்ணையை வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தவர் யார்? அவர்தான். என் டிக்கியிலும் அதே குழாய் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது. புகழ் அவருக்கு. எனக்கு, "நீயும் வந்தனியே பிள்ளை, நல்லது" என்ற ஒரு சொல்.

இனி பஞ்சிகாவத்தைக் கதைக்கு வருகிறேன். உபதலைவர் அவர்கள் சிரிக்கிறார். சிரியுங்கள் நானா, குற்றவாளி நீங்கள்தான்!

எங்கள் இரண்டு கார்களிலும் பெல்ற் நீட்டும் கைகள் எப்போதோ செத்துவிட்டன. புதிது தேடினால் கிடைக்காது. அப்போது ஸஹாப்தீன் நானாவின் உதிரிப்பாகக் கடைக்கு, எங்கோ உடைத்த ஒரு காரின் பாகங்கள் வந்தன. அதில் வேலை செய்யும் இரண்டு கைகளும் இருந்தன. நானா என்ன செய்தார்? யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் இருவருக்கும் போன் எடுத்தார். நான் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு ஓடினேன். கடை வாசலில் கிருபாகரன் அங்கிள், வியர்க்க வியர்க்க!

"ஐயாக்கு ஒண்டு, புள்ளக்கி ஒண்டு. என்ட கடைக்குள்ள சண்ட வாணாம்" என்றார் நானா.

வயதில் இளையவள், பெண்பிள்ளை, என்னை முதலில் எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். நான் நினைத்து முடிப்பதற்குள் அவர் இடப்பக்கக் கையைக் கக்கத்தில் வைத்துவிட்டார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஓட்டுபவரின் பக்கம் வலப்பக்கம் அல்லவா? நல்லதை விட்டுவிட்டாரே மனிதர்! வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு காலிமுகத்திடலில் பார்த்தேன். சரோஜினி அன்ரி இடப்பக்கம் ஏறினா. கதவைச் சாத்தினா. கை நீண்டு வந்தது. அன்ரி யாருடனோ கதைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், வீட்டில் யாரோ நீட்டும் தேத்தண்ணிக் கோப்பையை வாங்குவதுபோல அந்தப் பெல்ற்றை வாங்கிக்கொண்டா. வலப்பக்கத்தில் அங்கிள் முனகிக்கொண்டு, உடம்பைத் திருப்பி, பின்னால் எட்டித் தன் பெல்ற்றை இழுத்தார்.

அன்று நான் பொறாமைப்பட்டது காரைப் பார்த்து அல்ல.

அந்த இடப்பக்கக் கையைத் தரும்படி அவரிடம் கேட்டேன். பதிலுக்கு எதைக் கேட்டாலும் தருகிறேன் என்றேன்.

"எனக்குக் கை எட்டும் பிள்ளை. அவவுக்குத் தோள்மூட்டு ஒப்பரேசனுக்குப் பிறகு பின்னுக்கு எட்டாது. அதுசரி, உன்ர காரில இடப்பக்கம் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகென்ன?"

பிறகென்ன! அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய கார்களைக் கழற்றிப் பாகமாக விற்பது பெருகியது. அப்போது அவர் இந்தச் சங்கத்தில் ஒரு விதி கொண்டுவந்தார். உறுப்பினர் ஒருவர் இறந்தால், அதே வகைக் கார் வைத்திருப்பவரைக் கேட்காமல் அந்த வண்டியை விற்கவோ கழற்றவோ கூடாது. முதல் சொல் அவருடையது. அன்று ஸஹாப்தீன் நானா என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா?

"ஐயா, அந்தப் புள்ள இப்பவே உங்கட காருக்கு நாள் பாத்துக்கிட்டு ஈக்கி!"

எல்லோரும் சிரித்தீர்கள். நான் தலைகுனிந்தேன். அங்கிள் சிரிக்காமல் சொன்னார்: "பாக்கட்டும். பொறாமைப்படுற ஆளுக்குத்தான் என்ர காரில ஒரு கீறல் விழுந்தாலும் தெரியும். மற்றவங்களுக்கு அது வெறும் பழைய கார்."

அப்படிச் சொன்ன மனிதர் இன்று இல்லை. சென்ற வாரம் அன்ரி என்னைக் கொட்டாஞ்சேனைக்கு அழைத்தா.

"ரூபிகா, மகன் சுகிர்தன் லண்டனில இருந்து வித்துப்போடச் சொல்லுறான். கேட்டு வந்த ஆள் கழட்டத்தான் கேக்கிறான். நீர் முதல் சொல்லும். நீரே கழட்டினாலும் எனக்குக் கவலையில்லை. அவர் அந்தச் சட்டம் உமக்காகத்தான் போட்டவர்."

கதவின் இரும்பு, கண்ணாடி ரப்பர், அந்த இடப்பக்கக் கை... நான் ஆண்டுக்கணக்காக ஆசைப்பட்டவை எல்லாம் கொட்டிலில் எனக்காக நின்றன. என் காரை உப்பு தின்றுகொண்டிருக்கிறது. அவருடையது கிடைத்தால் என்னுடையது பிழைக்கும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பிறகு இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே இருந்தேன். அன்ரி சுற்றிவந்து, வாழ்நாளில் முதல் முறையாக அந்த வலப்பக்கச் சீற்றில் ஏறி இருந்து, திறப்பைத் திருப்பினா.

கை நீண்டு வந்தது. என் தோளருகே நின்றது. நான் வாங்கிக்கொண்டேன்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டா.

"நல்லாயிருக்கு, அன்ரி."

"எனக்கும் அப்பிடித்தான் இருந்தது."

அன்பர்களே! என் முதல் சொல்லுக்காக ஒரு வாரமாகக் காத்திருக்கிறீர்கள். இந்த மண்டபத்தில், உங்கள் எல்லோர் முன்னும், அதைச் சொல்கிறேன். அந்தக் கார் கழற்றப்படாது. அது அன்ரியின் பெயரில், அவருடைய கொட்டிலிலேயே நிற்கும். ஆனால் ஓடாத கார் செத்த கார் என்று சொன்னவர் எங்கள் தலைவர். ஆகவே ஒரு ஞாயிறு அதை நான் கொட்டாஞ்சேனையிலிருந்து காலிமுகத்திடலுக்கு ஓட்டி வருவேன். அடுத்த ஞாயிறு என்னுடையது ஓடும். இரண்டு ஞாயிறும் இடப்பக்கத்தில் அன்ரி இருப்பா. அவ சம்மதித்துவிட்டா.

வாசலில் ஒருவர் கேட்டார், அப்படியானால் என் காரில் இருக்கும் வலப்பக்கக் கையைக் கழற்றி அங்கிளின் காரில் போட்டு அதை முழுமையாக்கலாமே என்று. தரமாட்டேன்! அந்தப் பொலிஸ்காரர் இன்னும் ஒரு தடவை அவருடைய காரை மட்டும் மெச்சவா? அவருடைய காரை ஓட்டும்போது, அவரைப் போலவே முனகிக்கொண்டு, பின்னால் எட்டி என் பெல்ற்றை நானே எடுப்பேன்.

என் காரில் இடப்பக்கம் கை இல்லை. அந்த ஞாயிறுகளில், அன்ரி கதவைச் சாத்தியதும், பெல்ற்றை எடுத்து அவவின் தோளருகே நீட்டப்போவது நான்.

கிருபாகரன் அங்கிள், இனி நீங்கள் பொறாமைப்படுங்கள்.