மந்திரியின் வலது கால்

காப்பி கொஞ்சம் ஆறிவிட்டது, பரவாயில்லை, நீதிபதி ஐயா. நான் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் காப்பி ஆறிப்போவது வழக்கம்தான். உங்கள் குமாஸ்தாவின் கோப்பையைப் பாருங்கள்.

பெயர் ஹம்ஃப்ரி டாட்ஸ்வெல். துண்டுப் பிரசுரம் எழுதிப் பிழைக்கிறேன், பெயர் போடாமல். லண்டனில் அரசியலைப் பற்றிப் பெயர் போட்டு எழுதுகிறவன் ஒன்று பிரபுவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பைத்தியமாக இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

மந்திரிக்குக் காலில் வாத நோய் என்பது ஊரறிந்தது. அந்த வலது கால் மகாராணிக்கு விண்ணப்பம் எழுதுவதுபோல் ஒரு நையாண்டி எழுதினேன். ‘நாட்டைச் சுமப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இந்த ஆளைச் சுமப்பது நான். மானியமெல்லாம் வாய்க்குப் போகிறது’ என்று கால் முறையிடும். காலையில் கூடைக்காரிகள் அதைக் கூவி விற்றுக்கொண்டு போனார்கள், மத்தியானத்துக்குள் கூடை காலி. கார்ன்ஹில் காப்பிக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பட்டு வியாபாரி ஒருவர் சிரித்த சிரிப்பில் அவர் டோப்பா காப்பிக்குள் விழுந்தது. நான் மூலையில் உட்கார்ந்து, இதெல்லாம் ஒரு விஷயமா என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி முன்னால் பழகிய முகம் அது.

“இது பெல்லமி எழுதினதுதான்யா. வேற எவனுக்கு இந்தக் கை வரும்?” என்றார் படித்தவர்.

ஆம்ப்ரோஸ் பெல்லமிக்கும் என் தொழில்தான். கடையே அவன் பக்கம் திரும்பியது. அவன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. “யார் எழுதினா என்ன? சிரிச்சீங்கல்ல, அது போதும்,” என்றான்.

“அது நானா இருந்தா?” என்றேன் மெதுவாக.

“நீ எழுதினா காலு பேசாதுய்யா, தூங்கிரும்!” என்றார் பட்டு வியாபாரி. அன்று என் பேருக்குக் கிடைத்த ஒரே சிரிப்பு அதுதான்.

அடுத்த வாரம் மந்திரியின் ஆட்கள் பெல்லமியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தான் எழுதவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னான். எழுதியவர்கள் எல்லோரும் சொல்வது அதுதானே, யாரும் நம்பவில்லை. சேரிங் கிராஸில் தொழுமரம் என்று தீர்ப்பாயிற்று. கழுத்தையும் கையையும் பலகையில் பூட்டி நிறுத்திவிட்டால் மிச்சத்தை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள். பிடித்தவனுக்குப் பூ எறிவார்கள், பிடிக்காதவனுக்குக் கல்.

சிறைக்குப் போய் அவனைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லி அவனை மீட்டுவிடலாம் என்றுதான் போனேன். கிட்டத்தட்ட அந்த எண்ணத்தோடு.

“வாப்பா டாட்ஸ்வெல். நீதான் எழுதினதுன்னு எனக்குத் தெரியும்,” என்றான்.

“எப்படி?”

“நாலாம் பக்கத்துல அந்தக் காலு வளவளன்னு பேசுது பாரு, அங்கதான் மாட்டிக்கிட்ட. பயப்படாத, நான் சொல்ல மாட்டேன். எனக்கு இந்த ஊரு பூ போடும். உன்னை யாருக்குத் தெரியும்? நீ அங்க நின்னா செத்துருவ. பேசாம வீட்டுக்குப் போ.”

என் உயிரைக் காப்பாற்றுகிறான் என்று புரிந்தது. நன்றியில் கண்ணீர்கூட வந்தது. தெருமுனை திரும்புவதற்குள் காய்ந்துவிட்டது. நான் எழுதியதற்கு அவன் தலையில் பூ விழப்போகிறது. போதாக்குறைக்கு நாலாம் பக்கம் வேறு.

வீட்டுக்குப் போய் ஒரே மூச்சில் ஒரு தாள் எழுதினேன். தொழுமரத்தில் நிற்பவனைப் பற்றி அங்கேயே தாள் விற்பது நம் ஊர் வழக்கம். அதைப் படித்த பிறகுதான் கையில் எதை எடுப்பது என்று கூட்டம் முடிவு செய்யும். கடற்படைக்குப் பலவந்தமாக ஆள் பிடிக்க வருகிறவர்களிடம், எந்த வீட்டுப் பிள்ளை எங்கே ஒளிந்திருக்கிறான் என்று காட்டிக்கொடுக்கிறவன் பெல்லமி என்று, பிள்ளையைக் கடலுக்குப் பறிகொடுத்த ஒரு தாய் பேசுவதுபோல் எழுதினேன். அதில் ஒரு சொல்கூட அதிகமில்லை. ஒரு சொல்கூட உண்மையுமில்லை, அது வேறு விஷயம்.

வேடிக்கை பார்க்க நானும் போனேன். பூ எறியவென்றே ஒருத்தி கூடையோடு வந்திருந்தாள். பக்கத்தில் ஒருவன் தாளைப் படித்துக் காட்டினான். முழுக்கக் கேட்டாள். “என் மவனையும் இப்படித்தாண்டா கொண்டுபோனாங்க,” என்று கூடையை வைத்துவிட்டு, குனிந்து கல்லை எடுத்தாள். பெல்லமி கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டான்.

“டாட்ஸ்வெல்! நீயாவது சொல்லுப்பா!” என்று கத்தினான்.

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். ஒரு மணி நேரத் தண்டனை. பாதியிலேயே பூட்டைத் திறக்க வேண்டியதாயிற்று, அப்போதே அவன் செத்திருந்தான். நான்தான் கொன்றேன், ஐயா. எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். நேற்றுக் காப்பிக்கடையில் அந்தத் தாளைப் பற்றிப் பேச்சு வந்தது. நிஜமாகவே ஒரு தாய்தான் எழுதியிருக்கிறாளாம். “வயிறெரிஞ்சவளுக்குத்தான்யா அப்படி வரும். டாட்ஸ்வெல் மாதிரி ஆளுக்கெல்லாம் வருமா?” என்றார் அதே பட்டு வியாபாரி. எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. மனசாட்சி உறுத்தியது என்று குமாஸ்தா எழுதிக்கொள்ளட்டும்.

கையெழுத்துப் போடுகிறேன். நான் சொன்னதற்கு என் பெயர் விழுவது இதுதான் முதல் தடவை. அதற்கு முன் ஒரு சின்ன உதவி, ஐயா. காலின் விண்ணப்பம் ஒரு பிரதி சட்டைப்பையிலேயே இருக்கிறது. நாலாம் பக்கத்தை மட்டும் படித்துப் பாருங்கள். நீளமாகவா இருக்கிறது?